சரசு முடியைப் பிடிக்கவில்லையாம்

போன வாரம் பத்திரிகையில் என்னுடைய இந்தப் பக்கம் வெளிவந்த மறுநாள், குழாயடியில் சரசு சொன்னாள்: "வாங்க, தண்ணி புடிச்சுக்கோங்க."

திரும்பிப் பார்த்தேன். பின்னால் வேறு யாரும் இல்லை.

எங்கள் குன்னூர்ப் பக்கம் எல்லோருக்கும் 'ங்க' போடுவோம்தான். ஆனால் சரசு எனக்குப் போடமாட்டாள். தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளில் அடுத்தடுத்த வீடு. சேர்ந்தே கொழுந்து பறித்து, சேர்ந்தே ரிட்டயர் ஆனோம். கூச்சமில்லாமல் நான் வாய் திறக்கிற ஒரே ஆள் அவள்தான். அவளும் பேசாவிட்டால்... நான் குக்கரிடமா பேசுவது?

"என்னடி கோபம்?"

"கோபமெல்லாம் இல்லீங்க. நாங்க படிக்காதவங்க. நீங்க புஸ்தகத்துல எழுதறவங்க."

நானே அஞ்சாங்கிளாஸ்!

விஷயம் இதுதான். எனக்கு மனநோய் வந்த காலத்தைச் சில வாரமாக இங்கே எழுதுகிறேன் இல்லையா? காலையில் பேக்டரி சங்கு ஊதினால், அது என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது என்று நம்பி ஓடுவேன் — அதைப் போன வாரம் எழுதினேன். 'சரசு என் முடியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வருவாள்' என்றும் எழுதிவிட்டேன். அவள் மருமகள் அதைச் சத்தமாகப் படித்து, "அத்தே, நீங்களா இப்படி?" என்று கேட்டிருக்கிறாள். லைன் முழுக்கக் கேட்டுவிட்டது.

"முடியை எப்பங்க புடிச்சேன்?" குடத்தை ணங்கென்று வைத்தாள்.

"எனக்கு அப்படித்தானே ஞாபகம்..."

"ஞாபகமா? அன்னிக்குச் சோறு தின்னீங்களான்னே உங்களுக்குத் தெரியாதுங்க!"

பிறகு கொட்டித் தீர்த்தாள். இழுத்தால் நான் கடிப்பேனாம். (நினைவில்லை. ஆனால் நம்புகிறேன்.) அதனால் அவளும் என்கூடவே கேட் வரைக்கும் ஓடிவந்து, வாட்ச்மேனிடம், "அண்ணா, அக்காவைக் கூப்ட்டீங்களா?" என்று கேட்பாளாம்.

அவரும் சிரிக்காமல், "கூப்ட்டமுங்க. ஆனா இன்னைக்கு உங்களுக்கு லீவு போட்டாச்சு. ஊட்டுக்குப் போங்க" என்பாராம்.

நானும் சமர்த்தாகத் திரும்பிவிடுவேனாம்.

"நீ சிரிச்சுக்கிட்டே வருவ. உன்னைய ஊட்டுல உட்டுட்டு நான் தேயிலைக் காட்டுக்குப் போனா லேட்டு. சூப்பர்வைசர் பேசற பேச்சு இருக்கே... லீவு உனக்கு, திட்டு எனக்கு! அதெல்லாம் எழுதல. முடியாம், முடி!"

'ங்க' எப்போது உதிர்ந்தது? அவள் கவனிக்கவில்லை. நான் மூச்சு விடவில்லை.

என்னைக் குணமாக்கியது டாக்டரும் மாத்திரையும். இன்றும் விடாமல் போடுகிறேன், நீங்களும் நிறுத்தாதீர்கள். ஆனால் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை என்னைத் தினமும் பத்திரமாக வீடு சேர்த்தது — ஒரு பொய் லீவு. இத்தனை வருஷமாக எனக்கே தெரியாது! நோயில் கிடந்தவர் கதையில் பாதி, பக்கத்து வீட்டில்தான் இருக்கும் போலிருக்கிறது.

"சரி, இந்த வாரம் மாத்தி எழுதிடறேன்" என்றேன்.

"எழுது. இனிமே என்னையக் கேட்டுட்டு எழுது. நீ புத்தியில்லாம ஓடுன. நான் புத்தியோட ஓடுனேன். யாருக்கு ஞாபகம் இருக்கும்?"