சுவருக்கு வெளியே ஓர் உறை

பத்தாம் ஆண்டில் எங்கள் விஞ்ஞான ரீச்சர் கரும்பலகையில் பெரிதாக ஒரு பற்றீரியாக் கிருமியைக் கீறினார். உள்ளே ஒரு மென்சவ்வு, அதைச் சுற்றி ஒரு சுவர். பெனிசிலின் அந்தச் சுவரை ஒழுங்காகக் கட்டவிடாது, பலமில்லாத சுவருக்குள் தண்ணீர் புகுந்து கிருமி வெடித்துச் சாகும் என்றார். வகுப்பில் வாய் திறக்காத நான் அந்தப் படத்துக்கு நிறம் தீட்டி, பார்த்துப் பார்த்துப் பாடமாக்கினேன்.

அந்த மாசியில் ஏழு வயதுத் தங்கச்சிக்குக் காய்ச்சல். நாலு நாளாக விடவில்லை. அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை. எங்கள் வேலணைத் தீவிலிருந்து யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் கடற்படைச் சாவடியில் பாஸ் காட்டி, இறங்கி ஏறி, ஒரு பகல் போய்விடும். மாமாவின் காலில் திருக்கை முள் ஏறியபோது கொடுத்த பெனிசிலின் குளிசைகள் அரைப் போத்தல் அலுமாரியில் மிச்சம் இருந்தன.

அம்மா போத்தலை என்னிடம் நீட்டினார். “நீ படிக்கிறனி. இது காய்ச்சலுக்குக் கேக்குமோ?”

“ஓம் அம்மா. கிருமியின்ர சுவரை உடைச்சுப்போடும்.”

வீட்டில் என்னிடம் ஒருவர் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை.

குளிசையைப் பாதியாக்கிச் சீனியோடு கரைத்துக் கொடுத்தோம். தங்கச்சி முகத்தைச் சுளித்து விழுங்கிவிட்டு, “டொக்டரக்கா, இப்ப உடைஞ்சிட்டுதோ?” என்று நக்கலடிப்பாள். காலையில் சூடு கொஞ்சம் தணியும். “கேக்குது” என்பார் அம்மா. பின்னேரம் திரும்பவும் கொதிக்கும். இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்று நான்தான் சொன்னேன். அப்படியே பத்து நாள் போனது. பிறகு வயிறு ஊதி, தொடவிடாமல் கத்தினாள்.

ஆஸ்பத்திரியில் தைபோயிட் எனப்படும் நெருப்புக்காய்ச்சல், குடலில் ஓட்டை விழுந்துவிட்டது என்றார்கள். குளிசைப் போத்தலை நான் காட்டினேன். டொக்டர் கோபிக்கவில்லை.

“எல்லாக் கிருமியும் ஒண்டில்லை, பிள்ளை. இதுக்குச் சுவருக்கு வெளியில இன்னொரு உறை கிடக்கு. இந்த மருந்து அதைத் தாண்டி உள்ள போகாது.”

ரீச்சர் கீறிய படத்தில் அந்த உறை இருக்கவில்லை. சத்திரசிகிச்சை செய்தும் மூன்றாம் நாள் தங்கச்சி போய்விட்டாள்.

செத்தவீட்டில் பெரியம்மா எல்லாருக்கும் முன்னால் கேட்டார்: “ஏனடி, பிள்ளையை இவ்வளவு நாளும் வீட்டில வச்சுக்கொண்டிருந்தனி?”

“நான்தான் யோசிக்காமல் இருந்திட்டன்” என்றார் அம்மா. கொழும்பிலிருந்து வந்த அப்பாவிடமும் அதையே சொன்னார். அப்பா அதன்பிறகு அம்மாவோடு முகம்கொடுத்துப் பேசியதில்லை.

நான் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்று நான் சொன்னதை அம்மா மறந்துவிட்டார் என்றுதான் அன்று நினைத்தேன். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.