மலரக்காவும் ஹேசலும் நின்ற வாசல்கள்

மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்த கையோடு செய்தி வந்தது. இராசமலர் அக்கா போய்விட்டார். பின்னேரத்துக்குள் அவருடைய தம்பி குகன் போட்ட மரண அறிவித்தல் வட்ஸ்அப்பில் எல்லா இடமும் சுற்றிவிட்டது. அதிலிருந்த படம் நான் எடுத்தது. அக்காவுக்குப் பக்கத்தில் நின்ற அவருடைய வழிகாட்டி நாய் ஹேசலை வெட்டியெடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு குத்துவிளக்கை ஒட்டியிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, அதோடுதான் இதை எழுதுகிறேன். அழகான அஞ்சலி வேண்டுமென்றால் குகனிடம் கேளுங்கள்.

அக்காவை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஸ்காபரோவில் ஓர் அலுவலகத்தில் எனக்கும் அவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. ஆசுப்பத்திரியிலும் நீதிமன்றத்திலும் ஆங்கிலம் பிடிபடாமல் நிற்கும் எங்கள் சனத்துக்குத் தொலைபேசியில் மொழிபெயர்ப்பது எங்கள் வேலை. நீரிழிவு வியாதி கண்பார்வையை முழுக்கப் பறித்த பிறகும் அவர் வேலையை விடவில்லை. கலியாணம் கட்டாதவர், தனியாக இருந்தார், தனியாகவே பஸ் ஏறி வந்தார். கூட்டிவந்தது ஹேசல், பயிற்சிப் பள்ளியொன்று கொடுத்த கறுப்பு லாப்ரடோர். ஆங்கிலத்தில் சொன்னால் மட்டும்தான் கேட்கும். "தமிழ் ஒரு சொல்லும் விளங்காதோ?" என்று யாரும் கேட்டால், "கனடாவிலை பிறந்த பிள்ளையெல்லே, என்ன செய்யிறது?" என்பார் அக்கா.

ஹேசல் வருவதற்கு முன்பு உறவுக்காரர் வீட்டுப் பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்கொன்றுக்கு அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்கள். எங்கள் சனத்துக்குக் கைபிடிப்பதென்றால் கொள்ளை ஆசை. மண்டபத்தின் சுவரோரம் ஒரு கதிரையில் இருத்தினார்கள். "இப்ப வாறன் அன்ரி" என்று போன பெண் வரவேயில்லை. பாட்டுச் சத்தத்தில் இவர் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. மலகூடம் போகவேண்டிய மனுசி, உடுத்த பட்டுச்சேலையோடு அந்தக் கதிரையிலேயே நனைந்துபோய் இருந்தார். கண்டுபிடித்தவர்கள் கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு "ஐயோ பாவம்" என்றார்களாம். இதை எனக்குச் சொன்னபோது அவர் அழவில்லை. "உள்ளுக்குப் போறது மட்டும் போதாது. நான் நினைச்ச நேரம் எழும்பிப் போகவும் வேணும்" என்றார்.

அதற்காகத்தான் ஹேசல். ஆனால் எங்கள் கடைகளின் கதவுகளில் அக்கா பட்ட பாட்டை எழுத இந்தப் பக்கம் போதாது. ஒருநாள் வேலை முடிந்து கொத்துரொட்டி வாங்கப் போனோம். கடைக்காரர், "நாய் வெளியிலை நிக்கட்டும், நீங்கள் வாங்கோ அக்கா. எங்கடை ஆக்களுக்கு உது சரிவராது" என்றார். அக்கா குரலை உயர்த்தவில்லை. "தம்பி, உங்களை நாயை விரும்பச் சொல்லி ஒரு சட்டமும் சொல்லேல்லை. வழிகாட்டி நாயை மறிக்கக்கூடாது எண்டுதான் சட்டம் சொல்லுது" என்றார். அந்தக் கடையில் அதே நேரம் ஒருவர் சப்பாத்துக் காலைக் கதிரைமேல் தூக்கி வைத்துக்கொண்டு மீன் பொரியல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு குகனுடைய மகளின் கலியாணம் வந்தது. பிக்கரிங்கிலிருந்து நேரில் வந்து, "நாயை விட்டிட்டு வாங்கோ அக்கா, கைபிடிக்க ஆள் வைச்சிருக்கிறன்" என்றார் குகன். அக்கா ஹேசலோடுதான் போனார், நானும் போனேன். மண்டப முகாமையாளர் வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றார். ஐயர் கோபிப்பாராம்.

"ஐயரைக் கேட்டனீங்களோ?" என்றார் அக்கா.

கேட்கவில்லை. சனம் பார்க்கத் தொடங்க, ஐயரையே கூட்டிவந்தார்கள். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார், ஹேசலைப் பார்த்தார். "எனக்கு நாய் பிரச்சினையில்லை, முகூர்த்தம் பிந்துறதுதான் பிரச்சினை. வழியை விடுங்கோ" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். குகன் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தாலி கட்டும்வரை ஹேசல் கதிரைக்குக் கீழே சத்தமில்லாமல் படுத்திருந்தது. அக்கா அட்சதை போட்டார், பிள்ளையை வாழ்த்தினார். பிறகு யாரோ ஒலிவாங்கியைப் பிடித்துக் குகனின் தாராள மனதைப் புகழத் தொடங்க, அக்கா எழும்பினார். ஹேசலின் முதுகு வாரில் இருந்த பிடியைப் பிடித்துக்கொண்டு, நடு மண்டபத்தால் நடந்து வெளியே போனார். அவ்வளவு சந்தோசமாக அவரை நான் ஒருநாளும் காணவில்லை. சபையில் அவமானப்படுத்திவிட்டார் என்று குகன் இன்றைக்கும் சொல்லித் திரிகிறார்.

அக்கா ஆசுப்பத்திரியில் கிடந்த நாட்களில் ஹேசல் என்னோடு இருந்தது. பள்ளிக்காரர் திருப்பி எடுக்கும்வரை என்னோடுதான். அதனால் மலர்ச்சாலையில் அக்காவின் உடலைப் பார்வைக்கு வைத்த அன்று ஹேசலையும் கூட்டிப்போனேன். வாசலில் குகன் நின்றார். வேட்டி, சால்வை, கலங்கிய கண்.

"உந்த நாயை உள்ளுக்கு விடேலாது" என்றார். "அக்காவோடை வந்தால்தான் அதுக்கு உரிமை. அக்கா இல்லையெண்டால் உது வெறும் நாய். நான் சட்டம் வாசிச்சனான்."

அவர் சொன்னது சரிதான். உரிமை அக்காவுடையது, அவரோடு அது போய்விட்டது. அக்கா உயிரோடு இருக்கும்வரை ஒரு வரி வாசிக்காத மனிதர், அவர் செத்த பிறகு வாசித்திருக்கிறார். விடவேண்டாம் என்றும் எந்தச் சட்டமும் சொல்லவில்லையே என்று கேட்டேன். "சனம் என்ன சொல்லும்?" என்றார்.

நான் உள்ளே போகவில்லை. கார் நிறுத்துமிடத்தில் ஹேசலோடு நின்றேன். உள்ளே தேவாரம் தொடங்கியது. ஹேசல் எழும்பி, நான் ஒன்றும் சொல்லாமலே என்னை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனது. சாத்திய கதவின் கைபிடிக்கு நேரே மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. கதவைக் கண்டுபிடித்துவிட்டேன், திற என்று அக்காவுக்குச் சொல்லும் விதம் அது. திறக்க ஒரு கை வருமென்று அது நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றது.

போகிறவரை "போயிட்டு வாங்கோ" என்று வழியனுப்புவதுதான் எங்கள் வழக்கம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். இந்தச் சனத்திடம் நீங்கள் திரும்பி வரவேண்டாம். நினைச்ச நேரம் எழும்பிப் போற மனுசி நீங்கள். போங்கோ, அக்கா.