திம்மராயன் இடம் பார்க்கிறார்

பாறையின் மேல் ரசமட்டத்தை வைத்துவிட்டுத் திம்மராயன் குப்புறப் படுத்துக்கொண்டார். ஒரு கண்ணை மூடி, கன்னத்தைப் பாறையோடு ஒட்டவைத்து, கண்ணாடிக் குழாய்க்குள் நீந்தும் குமிழியைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் கூடாரப் பையைத் தோளில் சுமந்தபடி வேன் டிரைவர் நின்றான். இன்னும் சற்றுத் தள்ளி, ஒரு கையில் சோற்றுத் தூக்கும் மறுகையில் தண்ணீர்க் கேனுமாக அவர் மனைவி முனிலட்சுமி. மகள் காவியா வேனைவிட்டு இறங்கவே இல்லை.

“குமிழி தெக்கால ஓடுது,” என்றார் படுத்தபடியே. “இங்க படுத்தோம்னா விடியறதுக்குள்ள எல்லாரும் உருண்டு அஞ்செட்டி போய்ச் சேந்துருவோம்.”

“சரிங்க சார்,” என்றான் டிரைவர்.

தேன்கனிக்கோட்டையைத் தாண்டியதிலிருந்து இது இரண்டாவது இடம். முதலில் பார்த்தது ஒரு மாந்தோப்பு. நிழல், கிணறு, காவல்காரர் என்று எல்லாம் இருந்தது. தை மாதத்தில் மரத்தில் ஒரு பிஞ்சுகூட இல்லை. ஆனாலும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே தோப்பை ஒரு சுற்று வந்த திம்மராயன், மாங்காய் விழுந்தால் கூடாரத் துணி தாங்காது என்று சொல்லிவிட்டார். காய் எங்கே இருக்கிறது என்று முனிலட்சுமி கேட்டாள். “இன்னைக்கி இல்ல. ஆனா இது மாமரந்தான?” என்றார்.

ஓசூரில் வண்டிகளுக்கு பிரேக் சாமான் செய்யும் ஒரு கம்பெனியில் கடைசி மேசை அவருடையது. அந்த மேசையைத் தாண்டாமல் ஒரு உருப்படியும் வெளியே போக முடியாது. கண்ணால் பார்ப்பதில் அவருக்கு நம்பிக்கை குறைவு. வலது கட்டைவிரலை விளிம்போடு ஓடவிடுவார். மயிரிழை அளவு இரும்பு நீட்டிக்கொண்டிருந்தாலும் விரல் நின்றுவிடும். “பிசிறு,” என்பார். அது சிவப்புத் தொட்டிக்குப் போகும். நல்லதை அவர் நல்லது என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. பிசிறு இல்லாவிட்டால் பேசாமல் அடுத்ததை எடுப்பார், அவ்வளவுதான்.

அந்த விரலை அவர் கம்பெனியிலேயே விட்டுவிட்டு வந்தால் முனிலட்சுமிக்கு வாழ்க்கை சுலபமாக இருந்திருக்கும். வீட்டில் இட்லியின் ஓரத்தைத் தடவுவார். ஜவுளிக்கடையில் விரித்த புடவைக்கு நாலு மூலையையும் சேர்த்துப் பிடித்து ஒரு மூலை இழுக்கிறது என்பார். கோயிலில் தீபாராதனை நடக்கும்போது, எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் நேரம் பார்த்து அவள் காதருகே குனிந்து, “பீடம் எடப்பக்கம் அர விரக்கட தாழ்வு,” என்பார்.

காவியாவுக்கு வந்த மாப்பிள்ளைகளும் தப்பவில்லை. வேப்பனப்பள்ளியிலிருந்து வந்தவனுக்கு உட்காரும்போது ஒரு தோள் ஏறி நின்றது. கிருஷ்ணகிரிப் பையனிடம் குறை இல்லை. ஆனால் அவன் வீட்டு மாடிப்படியில் மூன்றாவது படி மற்ற படிகளைவிட உயரம். “படியவே ஒழுங்கா கட்டாதவங்க பொண்ண எப்புடி வச்சுக்குவாங்க?” என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார். கடைசியாக வந்தவன் எல்லாவற்றிலும் நேராக இருந்தான். தலை வகிடுகூட நேர். திம்மராயன் இரண்டு நாள் யோசித்துவிட்டு அவனையும் தள்ளினார். “ஒண்ணுமே தட்டுப்படலன்னா உள்ளார பெருசா எதோ இருக்குதுன்னு அர்த்தம்,” என்றார். காவியா அன்று சாப்பிடவில்லை. அவளுக்கு அந்த நேர்வகிட்டுக்காரன் மேல் ஆசை இருந்ததால் அல்ல. இந்த அப்பாவிடம் மாதேஷை எப்படிக் கொண்டுபோய் நிறுத்துவது என்ற கவலையால்.

மாதேஷ் வேறு யாருமில்லை. கூடாரப் பையோடு பாறைமேல் நின்று “சரிங்க சார்” சொன்னானே, அவன்தான்.

மத்தூர்க்காரன். ஓசூரில் அச்சு வார்க்கும் பட்டறை ஒன்றில் வேலை. காவியா போகும் கம்பெனி பஸ்ஸும் அவன் போகும் பஸ்ஸும் ஒரே டீக்கடை முன்னால் நின்றதில் தொடங்கிய பழக்கம். ஆறு மாதமாக முனிலட்சுமிக்குத் தெரியும். அவளும் மகளும் சேர்ந்துதான் இந்தத் திட்டத்தைப் போட்டார்கள். நண்பனுடைய வேனைக் கேட்டு வாங்கிக்கொண்டு மாதேஷ் டிரைவராக வருவான். நாள் முழுக்க அவர் கண்ணெதிரே இருப்பான். மலைக்காற்றில், கூடாரம் நட்டு, டீ குடித்து, அவர் கையைத் தலைக்கு வைத்துக் கால் நீட்டும்போது முனிலட்சுமி மெதுவாகப் பேச்சை எடுப்பாள். கூடாரம் நட்ட பிறகுதான் பேச்சு. அதற்கு முன் ஒரு வார்த்தை இல்லை. காவியா சத்தியமே வாங்கியிருந்தாள்.

அவர் கூடாரத்தை நடவிடமாட்டார் என்பதைத்தான் இருவரும் யோசிக்கவில்லை.

கூடாரம் கம்பெனி கொடுத்தது. இருபது வருடம் வேலை பார்த்தவர்களுக்கு இந்த முறை குக்கருக்குப் பதிலாக ஆளுக்கொரு கூடாரம். குடும்பத்தோடு இயற்கையை அனுபவியுங்கள் என்று புது மேனேஜர் மைக்கில் சொன்னார். பக்கத்து மேசை மாரிமுத்து அதைக் கேழ்வரகுப் போருக்கு மூடாக்குப் போட்டார். பிரகாஷ் என்பவர் பைக்குக்கு உறை தைத்துக்கொண்டார். திம்மராயன் மட்டும் அதனோடு வந்த காகிதத்தைக் காவியாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். சமமான தரையில் நடவும் என்று முதல் வரியிலேயே இருந்தது. அவள் படித்த அன்றே ரசமட்டத்தைத் துடைத்து எடுத்து வைத்தார்.

மூன்றாவது இடம் புளியமரத்தடி. அங்கே தரை ஏறக்குறையச் சமம். குமிழி கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. முனிலட்சுமி மகளைப் பார்த்தாள். மகள் வேனைவிட்டு இறங்கினாள். மாதேஷ் வேகவேகமாகக் குச்சிகளைக் கோத்துக் கூடாரத்தை நிமிர்த்தினான். திம்மராயன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் படுத்தார். வெளியே மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“இடுப்புல கல்லு,” என்றது கூடாரம்.

அவர் வெளியே வந்தார். மாதேஷ் கூடாரத்தைத் தூக்கி அடியில் துழாவினான். கல் இல்லை. நாலடி தள்ளி நட்டான். திம்மராயன் மறுபடி உள்ளே போனார். “இங்கயும் கல்லு.” மரத்தின் மறுபக்கம் நட்டான். அங்கேயும் அதே கல். புளியமரத்தைச் சுற்றி எல்லாத் திக்கிலும் கூடாரம் எழும்பி விழுந்தது. ஆடு ஓட்டிக்கொண்டு போன ஒருவர், கம்பை ஊன்றி நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, “சினிமாவுங்களா?” என்று கேட்டார்.

முனிலட்சுமிக்கு அப்போதுதான் பொறி தட்டியது. நேராகப் போய்க் கணவனின் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டு, வீட்டுச் சாவி, பீரோ சாவி, கம்பெனி லாக்கர் சாவி எல்லாம் கோத்த கொத்தை வெளியே இழுத்தாள்.

“இதாங்க ஒங்க கல்லு.”

திம்மராயன் சாவிக்கொத்தைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். “சாவியாவே இருக்கட்டும். ஆனா குத்துனது இந்த எடத்துலதான?” என்றார். “மனசு ஒப்பல. டிரைவரே, வண்டிய எடுப்பா.”

“சரிங்க சார்.”

காவியா மாதேஷை முறைத்தாள். அவன் கவனிக்காதவன்போல் குச்சிகளை மடித்தான். சட்டை காலர் வரைக்கும் நனைந்துவிட்டது. காலையிலிருந்து அவன் எத்தனை முறை அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னான் என்று எண்ணினால் அவளுக்கே வெட்கமாக இருந்திருக்கும்.

நாட்றாம்பாளையத்தை நெருங்கும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. சாலை ஓரமாக, கேழ்வரகு அறுத்த ஒரு கொல்லை. அதன் மேட்டில் ஒற்றை ஓட்டு வீடு. சுற்றிலும் மலைகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்துகொண்டு போயின. கொல்லைக்காரி பூவம்மாள் வைக்கோல் பிரித்துக்கொண்டிருந்தாள். முனிலட்சுமி போய் விஷயத்தைச் சொன்னாள். ஒரே ஒரு ராத்திரி கூடாரம் போட்டுப் படுத்துக்கொள்கிறோம்.

பூவம்மாள் நாலு பேரையும் மேலும் கீழும் பார்த்தாள். “வூடு இல்லீங்களா?”

“இருக்குதுங்க. ஓசூர்ல சொந்த வீடு.”

“அப்ப ஏன் மண்ணுல படுக்கணும்?” பூவம்மாளின் முகம் இளகி, பேச்சில் கன்னடம் கலந்துவிட்டது. “அய்யோ பாப. பங்காளிங்க தொரத்திட்டாங்களா? ஊட்ட ஆய்த்தா, சாப்டீங்களா? மொதல்ல உள்ளார வாங்க, களி இருக்குது. அப்புறம் அழுவலாம்.”

யாரும் துரத்தவில்லை, சும்மா ஆசைக்காக என்று முனிலட்சுமி எவ்வளவோ சொல்லியும் அவள் நம்பவில்லை. மானக்கேடான சமாச்சாரத்தை யார்தான் வெளியே சொல்வார்கள் என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டாள். கொல்லையில் எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளச் சொன்னாள். ஆனை வருமா என்று திம்மராயன் கேட்டார். “வந்தா என் வூட்டுக்குத்தான் மொதல்ல வரும். வைக்கோலு இங்கதான கீது,” என்று தைரியம் சொன்னாள்.

திம்மராயன் அறுத்த கேழ்வரகின் அடித்தாள் குத்தாத ஒரு இடமாகப் பார்த்து ரசமட்டத்தை வைத்துப் படுத்தார். குமிழி நகர்ந்து ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அவர் வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு முழங்காலில் எழுந்து, மலைகளை ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் முகத்தில் காலையிலிருந்து இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது. முனிலட்சுமி மனதுக்குள் சாமி கும்பிட்டாள்.

“எனக்கு இப்பத்தான் புரியுது,” என்றார். “மேடும் பள்ளமுமா இருக்கற ஊர்ல வந்து லெவல் தேடுனா எங்கேர்ந்து கெடைக்கும்? நம்ம கம்பெனிக்கு எதுருல புதுசா பிளாட்டு ஒண்ணு போட்டுருக்கறான் பாரு. போன வருசம் வரைக்கும் அதும் குன்றுதான். மிஷின் வுட்டு வழிச்சு, மண்ணடிச்சு, ரோலர் ஓட்டி வச்சுருக்கறான். கண்ண மூடிக்கினு குமிழிய வச்சா நடுவுல நிக்கும். வாட்ச்மேன் நமக்குத் தெரிஞ்சவன். பாத்ரூம் இருக்குது. விடியவிடிய லைட்டு எரியும்.” மகளைப் பார்த்துச் சிரித்தார். “அங்கயே போட்டுருவோம் கூடாரத்த. நாளைக்கி அப்புடியே ஷிப்ட்டுக்கும் போயிருவேன்.”

ஒரு நாள் முழுக்க மலை மலையாகச் சுற்றிவிட்டுக் கம்பெனி வாசலில் போய்ப் படுப்பதா? முனிலட்சுமிக்குக் கையிலிருந்த சோற்றுத் தூக்கை அவர் தலையில் கவிழ்த்தால் என்ன என்று இருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் அவர், எதற்கும் கடைசியாக ஒரு முறை பார்த்துவிடலாம் என்று மறுபடி குப்புறப் படுத்தார். படுத்தபடியே, “டிரைவரே, வண்டியத் திருப்பு,” என்றார்.

“சரிங்க சார்,” என்று மாதேஷ் பையைத் தூக்கினான்.

“மாதேஷ், பைய கீழ வையி!”

கொல்லையில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள்கூடத் தலையைத் தூக்கின. காவியாவின் முகம் சிவந்து கிடந்தது. “காலையிலேர்ந்து பாக்கறேன், அவரு என்ன சொன்னாலும் சரிங்க சார், சரிங்க சார். கம்பெனி வாசல்ல கூடாரம் போடுன்னாலும் சரிங்க சாரா? ஒனக்குன்னு வாய் இல்ல? ப்பா, இவரு டிரைவர் இல்ல. இவரத்தான் நான் கட்டிக்கப் போறேன்.”

“செத்த இரும்மா,” என்றார் திம்மராயன். “குமிழி இன்னும் நிக்கல.”

அவர் எழுந்திருக்கவில்லை. கன்னம் மண்ணில் ஒட்டியிருக்க, திறந்திருந்த கண் மெல்ல ரசமட்டத்தைவிட்டு நகர்ந்து, இரண்டு பழைய செருப்புக் கால்களுக்குப் போய், அங்கிருந்து மேலே ஏறியது. இருபத்தேழு வருடம் குடும்பம் நடத்திய முனிலட்சுமிக்கு அந்தப் பார்வை தெரியும். வலது கட்டைவிரல் ஆள்காட்டி விரல் மேல் ஓடத் தொடங்கிவிட்டது. அவர் கண்டுபிடிப்பதற்கு முன்பே அவள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தாள். முன்பல்லில் ஒரு துண்டு உடைந்திருக்கிறது. ஒரு காது சற்று விரிந்திருக்கிறது. சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம். கடவுளே, கிளம்பும்போது அதையாவது மாற்றித் தைத்துக் கொடுத்திருக்கலாம்.

திம்மராயன் எழுந்து நின்றார். “டிரைவர் இல்லியா நீ?”

“இல்லைங்க சார். மோல்டு பட்டறையில இருக்கறேன்.”

“அப்புறம் எதுக்கு நாள் முச்சூடும் அந்த மூட்டைய தூக்கிக்கினு சுத்துன?”

“நீங்க தூக்கச் சொன்னீங்க சார்.”

பூவம்மாள் வைக்கோலைப் போட்டுவிட்டு அருகில் வந்து நின்றுகொண்டாள். சண்டை பங்காளிகளோடு அல்ல, மாப்பிள்ளை விஷயத்தில்தான் என்று அவளுக்கு இப்போது புரிந்துவிட்டது.

“படு,” என்றார் திம்மராயன்.

“சார்?”

“கூடாரம் போடற எடத்துல. மல்லாக்கப் படுத்துப் பாரு.”

மாதேஷ் பையை இறக்கிவிட்டு, கேழ்வரகுத் தாளை ஒதுக்கி மண்ணில் படுத்தான். திம்மராயன் இடுப்பில் கைவைத்து மேலிருந்து பார்த்தார். “எப்புடி இருக்குது? தலப்பக்கம் தாழ்வா?”

அவருடைய முதுகுக்குப் பின்னால் காவியா வேகவேகமாகத் தலையை ஆட்டினாள், இல்லை என்று சொல் என்பதுபோல. முனிலட்சுமியும் சோற்றுத் தூக்கோடு சேர்த்துக் கையை ஆட்டினாள். மாதேஷ் இருவரையும் பார்த்தான். பிறகு வானத்தைப் பார்த்தான். தலையை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தான்.

“தாழ்வுதாங்க,” என்றான். “கால் தூக்கிக்கினு இருக்குது. தலைக்கு ரத்தம் எறங்குது.”

காவியா கண்ணை மூடிக்கொண்டாள்.

“அப்ப இந்த எடம் வேணாங்கற.”

“வேணான்னு சொல்லலைங்க. தாழ்வுன்னுதான் சொன்னேன்.”

மேற்கே மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிவிட்டது. பூவம்மாள் வீட்டுக்குள் ஏதோ ஒரு பாத்திரம் உருண்டு ஓய்ந்தது. திம்மராயன் மேல் பொத்தானிலிருந்து தொடங்கித் தன் சட்டையைக் கழற்றினார். பனியனோடு குளிரில் நின்றுகொண்டு, அதை இரண்டாக மடித்து, நாலாக மடித்து, ஓரங்களைச் சேர்த்துப் பிடித்தார். இன்னும் ஒரு மடிப்பு மடித்து உயரத்தைக் கையால் அழுத்திப் பார்த்தார். பின் மண்டியிட்டு உட்கார்ந்து, ஒரு கையால் மாதேஷின் பின்னந்தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சட்டையை அடியில் வைத்தார்.