முலுனேஷின் இடது தோள்

முலுனேஷ் பதினாறு வருஷமாக அடிஸ் அபாபாவின் கசஞ்சிஸ் பகுதியில், ஜெம்பெரேயின் உணவகத்தில் ஆடிவந்தாள். அவளுக்கு முரசு அடித்தவன் நான், அயலேவ். எங்கள் எஸ்கெஸ்தா ஆட்டத்தில் தோள்தான் ஆடும். கால்கள் சும்மா கூடப் போகும், அவ்வளவுதான். அவள் தோள்கள் துடிக்க ஆரம்பித்தால், சாப்பிடுகிறவர்கள் பிய்த்த இஞ்சிரா அப்பத்தைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்துவிடுவார்கள்.

போன வருஷம் மழைக்காலம் முடிந்ததும் நஹோம் என்ற இளைஞன் அவளைத் தேடி வந்தான். கம்ப்யூட்டரில் ஓவியம் போடுகிறவன். அவள் உடம்பில் இருபத்தொரு சென்சார்களைக் கட்டி ஆடச் சொல்லி, அந்த அசைவுகளை வைத்து ஒரு கண்காட்சியில் சுவர் உயரத்துக்கு ஒரு பெண்ணை ஒளியால் ஆடவைக்கப் போவதாகச் சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் மறுநாளே போனாள்.

அவனுடைய இடம் சாரிஸ் பகுதியில், பழைய கம்பளக் கிடங்கு ஒன்றில். ஒவ்வொரு தடவையும் தாளம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காக, என் முரசை ஒரே ஒருமுறை பதிவு செய்துகொண்டான். பிறகு எனக்கு வேலையில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் நஹோம் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, இடது தோள் சென்சார் பழுது என்று சொல்லி வேறொன்றைக் கட்டினான். சரியாகவில்லை. வலதில் இருந்ததை இடதிலும், இடதில் இருந்ததை வலதிலும் மாற்றிக் கட்டினான். அப்போதும் பிந்தியது இடது தோள்தான்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க," என்றான். "மெஷின் சரியாத்தான் இருக்கு. உங்க இடது தோள் தாளத்துக்குப் பின்னாடி வருது."

"பதினாறு வருஷத்துல ஒருத்தர் சொன்னதில்ல. உன் பெட்டி வந்து சொல்லுதாக்கும்?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "அயலேவ், நீ சொல்லு."

ஒரு வருஷமாக எனக்குத் தெரியும். முதலில் என் கை தானாகவே அந்தத் தோளுக்காக ஒரு இமைப்பொழுது காத்து அடித்தது. களைப்பாக இருக்கும் என்று நினைத்தேன். பிறகு தெரிந்தே காத்தேன். பதிவு செய்த முரசு யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

"உனக்காகத்தான் தாளத்த இழுத்து அடிச்சிட்டிருக்கேன்," என்றேன். "ஒரு வருஷமா."

அவள் சென்சார் பட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் மாலை, மேடைக்கு ஏறும் முன்பு, "இன்னிக்கு எனக்காக நிக்காத. நேரா அடி," என்றாள். நேராக அடித்தேன். இரண்டாவது பாட்டிலேயே தாளம் அவளை விட்டுப் போனது. சாப்பிட்டுக்கொண்டிருந்த யாரும் கவனிக்கவில்லை, கைதட்டினார்கள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

மருத்துவமனைக்கு என்னையும் கூப்பிட்டாள். டாக்டர் அவளை விரல்களைத் தட்டச் சொன்னார், நடைகூடத்தில் நடக்கவிட்டுப் பார்த்தார். நடக்கும்போது இடது கை வீசவில்லை. பார்க்கின்சன் நோய் என்றார். அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. மருந்து கொஞ்சம் இலகுவாக்கும், ஆடுவது உடம்புக்கு நல்லதுதான், ஆனால் பழைய வேகத்தை நம்பியிருக்க வேண்டாம் என்றார்.

விஷயம் தெரிந்ததும் நஹோம் ஒரு வழியோடு வந்தான். வலது தோளின் அசைவை அப்படியே பிரதி எடுத்து இடது தோளில் பொருத்தியிருந்தான். திரையில் அந்தப் பெண் பிசிறில்லாமல் ஆடினாள்.

முலுனேஷ் வெகுநேரம் பார்த்தாள். "யாரு இது?"

"நீங்கதான் அக்கா."

"நல்லா இருந்த காலத்துலகூட என் ரெண்டு தோளும் இப்படி ஒண்ணா இருந்ததில்ல. நான் ஆடினத வை."

மெஷின் கோளாறு என்று ஜனங்கள் நினைப்பார்களே என்றான். நினைக்கட்டும் என்றாள். ஜெம்பெரேயும் கண்காட்சிக்கு வருவார், வேலைக்கு ஆபத்து என்று நானும் சொல்லிப் பார்த்தேன்.

"நீ அவர்கிட்ட ஒண்ணும் சொல்லாம இரு. அதுதான் உனக்கு நல்லா வருமே," என்றாள்.

கண்காட்சியில் அந்தப் பெண் சுவர் முழுக்க, தெஃப் தானியம் போன்ற சிறு ஒளிமணிகளால் ஆனவளாக நின்று ஆடினாள். வலது தோளிலிருந்து மணிகள் சீறிப் பறந்தன. இடது பக்கத்து மணிகள் தயங்கி, உதிர்ந்து, பிறகு எழுந்தன. சிலர் படம் சிக்கிக்கொண்டதென்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். ஒரு பத்திரிகைக்காரப் பெண் காரணம் கேட்டபோது முலுனேஷ் ஒளிக்காமல் சொன்னாள். பக்கத்தில் நின்ற ஜெம்பெரே அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் கெட்ட மனிதரில்லை. "உடம்பப் பாத்துக்கம்மா," என்று சொல்லி, அடுத்த வாரமே அவளை விருந்தாளிகளுக்குக் காப்பிக்கொட்டை வறுத்துக் காப்பி போட்டுக் கொடுக்கும் இடத்தில் உட்கார வைத்தார். பஹிர் தாரிலிருந்து வந்த ஒரு பெண் இப்போது ஆடுகிறாள். வேகமானவள். அவளுக்குத்தான் இப்போது நான் அடிக்கிறேன்.

முலுனேஷ் மாதம் ஒருமுறை சாரிஸுக்குப் போய்ச் சென்சார் கட்டிக்கொண்டு ஆடிவிட்டு வருகிறாள். இடது தோள் இப்போது எவ்வளவு பிந்துகிறது என்று நஹோமைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். அந்தப் பதிவுகளை என்ன செய்வதென்று அவனுக்கு இன்னும் புரியவில்லை. அவள் நிறுத்தச் சொல்லவும் இல்லை.

ஒரு வருஷம் முன்பே வந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. அவள் அதை நம்பவில்லை. போன வாரம் காப்பிக் கிண்ணத்தை என் முன்னால் வைத்துவிட்டு, குரல் உயர்த்தாமல் சொன்னாள்:

"எல்லாரையும் விட உனக்குத்தான் அயலேவ் என் தோள் தெரியும். நீ சொல்லியிருக்கணும்."

சர்க்கரையை என் பக்கம் தள்ளிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனாள்.