ஜூலையில் தண்ணீர் நிற்கும் இடம்

பாய்மரப் படகு வைத்திருப்பவரிடம் வேலைக்குச் சேருகிறவன், படகு ஓட்டக் கற்பதற்கு முன்னால் கரையில் நிற்கிற எல்லோரிடமும் பேச்சு வாங்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அடுத்தவர் வண்டியை நிறுத்த இடம் தேடி அலைந்தவர்கள் யாராவது இருந்தால், நீங்களும் என் கட்சிதான், மேலே படியுங்கள்.

எழுபதுகளின் கடைசி. நெல்லித்தோப்பிலிருந்து தினமும் சைக்கிளில் ஊசுட்டேரிக்குப் போவேன். என் முதலாளி நம்ம ஊர்த் தமிழர்தான், பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பென்ஷனில் வந்தவர். ஏரிக்கரையில் எல்லோருக்கும் அவர் முசியே, பிரெஞ்சில் ஐயா. அவர் மனைவி மதாம். ஒரே மகள் பாரிசில் சித்தி வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். போன தடவை வந்தவள், "இங்க இருந்து என்னப்பா பண்றது?" என்று பாதி லீவிலேயே திரும்பிவிட்டாள். அங்கே ஏதோ ஏரியில் பாய்மரப் படகு ஓட்டப் பழகியிருக்கிறாள் என்று தெரிந்ததும் முசியேவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நம்ம ஊரிலும்தான் ஏரி இருக்கிறது என்று, ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் ஒருவரிடமிருந்து படகையே வாங்கிவிட்டார். மகள் ஜூலையில் வருவாள். அதற்குள் நல்ல இடமாகப் பார்த்துப் படகைக் கட்டி வைக்க வேண்டும்.

வாங்கியது ஜனவரியில். ஏரி தளும்பத் தளும்ப நின்றது. எங்கே கட்டினால் என்ன என்று இருந்தோம்.

எருமைத்துறை

முசியே முதலில் கை காட்டியது சரிவான ஒரு கரையை. கார் தண்ணீர் வரைக்கும் இறங்கும் என்பது அவர் கணக்கு. அந்தச் சரிவு அவருடைய காருக்காகப் போட்டதல்ல என்று மறுநாள் காலையில் தெரிந்தது. பத்திருபது எருமைகள் படகைச் சுற்றிக் கழுத்தளவு தண்ணீரில் கிடந்தன. ஒன்று படகின் விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு அசை போட்டது. இன்னொன்று அடிப்பலகையில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. வெள்ளைப் பெயின்ட் பாதிக்கு மேல் அதன் முதுகில்.

நான் "ஹை, ஹை" என்றேன். எனக்குக் குரல் எழும்பாது, எருமைக்குக் கேட்டிருக்காது. மாட்டுக்காரம்மாவுக்குக் கேட்டுவிட்டது. "அத ஏன் தம்பி வெரட்டற? இம்மாம் பெரிய ஏரியில, மாடு குளிக்கற எடந்தான் கெடச்சுதா உங்க கட்டைய வெக்க?"

வலை

சரி, கரையே வேண்டாம் என்று ஆழத்தில் ஒரு கழி நட்டு, நீளக் கயிற்றில் கட்டினோம். மிதந்தது. ரொம்ப நன்றாகவே மிதந்தது. காற்று திரும்பிய பக்கமெல்லாம் கயிற்றின் நீளத்துக்கு வட்டம் போட்டது. அந்த வட்டத்துக்குள் மீன் குத்தகைக்காரர் வலை விட்டிருந்தார்.

விடிந்து நான் போனபோது படகு வலையைச் சுருட்டிப் போர்த்திக்கொண்டு நின்றது. சண்டைக்குத் தயாராகத்தான் முசியே காரிலிருந்து இறங்கினார். குத்தகைக்காரர் சண்டை போடவில்லை. படகை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ராத்திரி பூரா வல போட்டதுக்கு இது ஒண்ணுதான் மாட்டுச்சி முசியே. கிலோ என்னா வெலன்னு நீங்களே சொல்லிடுங்க."

வெள்ளரிக்கொடி

மூன்றாவது இடம் மேலண்டைக் கரை. பனைமர வரிசை, நிழல், மாடு இல்லை, வலை இல்லை. இப்படி ஒரு இடத்தை எல்லாரும் ஏன் விட்டுவைத்தார்கள் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. மாசி முடிவதற்குள் தண்ணீர் பின்வாங்க ஆரம்பித்தது. படகு சேற்றில் குந்தியது. சேறு காய்ந்து வெடித்தது. எதிர்க்கரையில் இருந்த ஒருவர் குடும்பத்தோடு வந்து, படகை மட்டும் விட்டுவிட்டு, சுற்றிலும் கொத்தி வெள்ளரி போட்டார். வருஷா வருஷம் அவர்கள் போடுகிற இடமாம்.

படகுக்கு அடியில் இறக்கிவிடும் பலகை ஒன்று உண்டு. அதை இறக்காவிட்டால் காற்று படகை நண்டு மாதிரிப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகும். அதற்கு இடுப்பளவு தண்ணீராவது வேண்டும். முசியே வெள்ளரிப் பாத்திக்கு நடுவில் நின்று ஏரியைத் தேடினார். "தம்பி, ஜூலையில எம் பொண்ண எதுலடா ஒக்கார வெப்பேன்?" என்றார். படகை அன்றைக்கே தூக்கிவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. வெள்ளரிக்காரரின் சம்சாரம் ஓடி வந்து கை நீட்டி மறித்தார்: "காய் ஓயட்டும் முசியே, அப்பறம் தூக்குங்க. கொடி கயித்தப் புடிச்சிகிச்சி பாருங்க!"

மதகுப் பள்ளம்

காய் ஓய்ந்தது. படகைக் கட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு தண்ணீரைத் தேடிப் போனோம். கோடையில் கடைசி வரை தண்ணீர் நிற்பது மதகுக்கு எதிரே இருக்கும் பள்ளத்தில்தான். மதகு பார்க்கிற பெரியவர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: கயிறு அவிழ்ந்தால் படகு மதகு வாயில் போய் அடைத்துக்கொள்ளும், கூடாது. முசியே பட்டாளக் கதையெல்லாம் சொல்லிப் பார்த்தார். பெரியவர் பீடி பற்ற வைத்துக்கொண்டார்.

மறுநாள் மதாம் வந்தார். படகைப் பற்றியே பேசவில்லை. "எம் பொண்ணு வருதுங்க" என்றார், அவ்வளவுதான்.

"எப்ப?"

"ஜூலை பாதிக்கு மேல."

பெரியவர் விரல் விட்டு மாசம் எண்ணினார். ஆடி. கல்யாணமே ஆகாத பெண்ணைத் தலை ஆடிக்குத் தாய்வீடு வரும் புதுப்பெண் என்று அவர் எடுத்துக்கொண்டார். மதாமும் திருத்தவில்லை, நான் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "இத மொதல்லியே சொல்றதுக்கு என்னாம்மா? ஆடிக்கு வர்ற பொண்ணுக்கு இல்லாத தண்ணியா? கட்டுங்க, ரெண்டு கயிறா போட்டுக் கட்டுங்க!"

ஆடி

வந்தாள். கரை மேல் நின்று, கோயில் குளம் அளவுக்கு மிச்சமிருந்த தண்ணீரைப் பார்த்தாள். நாங்கள் அவள் முகத்தைப் பார்த்தோம். "இவ்ளோதானாப்பா?" என்றாள். முசியே வாய் திறப்பதற்குள் பெரியவர் குறுக்கே வந்து, "மாப்ள வரலியாம்மா?" என்று கேட்டார். அவள் அப்பா பக்கம் திரும்பினாள். அவருக்கு அந்த நிமிஷம் பார்த்துப் பாயில் ஏதோ முடிச்சுச் சிக்கிக்கொண்டது. மதாம் தலையைக் குனிந்துகொண்டார். விஷயம் புரிந்து அவள் சிரித்த சிரிப்பில் கரையில் இருந்த கொக்கெல்லாம் எழும்பிப் போயிற்று.

சிரித்துக்கொண்டே படகில் இறங்கி அப்பாவுக்குக் கை கொடுத்தாள். காற்று அடித்துத் தள்ளியது. கரைக்கு வந்தார்கள், திரும்பினார்கள், மறுபடி வந்தார்கள். மதாம் காப்பி ஆறுகிறது என்று கூப்பிட்டுப் பார்த்தார். "இன்னும் ஒரே ஒரு சுத்து!" என்று குரல் வந்தது, அவளுடையதா, முசியேவுடையதா தெரியவில்லை. அந்த லீவு முழுக்க சாயந்திரங்களில் இதே கூத்துதான். ஒரு நாள்கூட முன்னதாக அவள் கிளம்பவில்லை. அந்த முதல் நாள் பொழுது சாய்ந்தும் படகு நிற்காததைப் பார்த்துப் பெரியவர் என்னிடம் கேட்டார்: "சாமித் தெப்பமே மூணு சுத்துல நெலைக்கு வந்துடும். இந்த அப்பனையும் பொண்ணையும் யாரு தம்பி கரையேத்தறது?"

இப்போதும் யாராவது படகு கட்ட நல்ல இடம் எது என்று கேட்டால், உங்கள் பிள்ளைக்கு லீவு எந்த மாசம் என்றுதான் நான் முதலில் கேட்கிறேன்.