கேத்தரின் வாங்கிய ஒரு டிபி

என் அம்மா கேத்தரினுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. பாலக்கரையில் எங்கள் வீட்டு முன்னறையில் ப்ளவுஸ் தைக்கிறாள். பேசுவதெல்லாம் கையால்தான். வாயால் பேசுகிறவர்கள் மூச்சு வாங்கவாவது நிறுத்துவார்கள். அம்மாவுக்கு அந்தக் கட்டாயமும் இல்லை. திட்டு வாங்குகிற எனக்குத்தான் அது தெரியும்.

அப்பா டோமினிக்குக்கும் காது கேட்காது. அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் ஊரிலுள்ள காது கேளாதவர்களில் பாதிப் பேர் எங்கள் வீட்டில்தான் இருப்பார்கள். துறையூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள்கூட உண்டு. வம்பு, சண்டை, கல்யாணச் செய்தி எல்லாவற்றையும் அம்மா தையல் மெஷின்மேல் சாய்த்து வைத்த போனில் படம் பிடிப்பாள். மற்றவர்கள் பேச்சை எழுதி வைத்துக்கொள்ளலாம். கைப்பேச்சில் புருவமும் தோளும் சேர்ந்தால்தான் ஒரு வாக்கியம் முடியும், அதைத் தாளில் எழுத முடியாது. வீடியோதான் அவர்கள் எழுத்து. அப்படிச் சேர்ந்த பல வருஷப் பேச்சு எங்கள் பழைய கம்ப்யூட்டரில் இரண்டு டிஸ்க் நிறையக் கிடந்தது. அதில் பாதி அப்பா.

போன மாதம் அந்தப் பெட்டிக்குள் டக், டக் என்று ஒரு சத்தம் ஆரம்பித்தது. அம்மாவின் உள்ளங்கையை எடுத்துப் பெட்டிமேல் வைத்தேன். அவள் முகம் மாறிவிட்டது. இரண்டு டிஸ்க்கிலும் இருப்பதைக் கூட்டிப் பார்த்தாள். 940 ஜிபி. ஸ்ரீரங்கத்தில் ஜெயக்குமார் அண்ணன் கடையில் ஒரு டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கினாள். ஒரு டிபி என்றால் ஆயிரம் ஜிபி, தாராளமாகப் போதும் என்று கணக்கு. வீட்டில் செருகினால் திரையில் 931 என்று வந்தது.

மறுநாள் காலை டவுன் பஸ்ஸில் கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினோம். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் போடட்டுமா என்றார். அம்மா பார்த்த பார்வையில் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

கடைக்குள் நுழைந்ததும் அம்மாவின் கைகள் பறந்தன. "அட்டைல ஆயிரம்னு போட்டிருக்கு. உள்ள தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணுதான் இருக்கு. மிச்சத்த இவன் தின்னுட்டானான்னு கேளு."

"அண்ணே, வியாபாரம் எப்படிப் போவுதுன்னு கேக்குறாங்க."

"அதுக்கா பாப்பா இந்த முறை முறைக்கிறாங்க?"

அம்மா உதட்டைப் படித்துவிட்டாள். என் முதுகில் ஒன்று விழுந்தது. அதற்குப் பிறகு ஒழுங்காகச் சொன்னேன்.

அண்ணன் கோபப்படவில்லை. "அக்கா, டிஸ்க் செய்யிற கம்பெனி ஆயிரம் ஆயிரமா எண்ணுது. கம்ப்யூட்டர் ரெண்டு, நாலு, எட்டுன்னு இரட்டிச்சுக்கிட்டே போவும். அதுக்கு ஆயிரத்து இருவத்து நாலு சேந்தாதான் அடுத்த படி. பைட்டு, கேபி, எம்பி, ஜிபின்னு ஒவ்வொரு படியிலயும் அந்த வித்தியாசம் பெருகுது. கடைசில நூத்துக்கு ஏழு கொறஞ்ச மாதிரி தெரியும். எடம் எங்கயும் போகல."

இதை எந்தக் கையால் சொல்வது? விரல்களை மடக்கி மடக்கி நானே சிக்கிக்கொண்டேன். அம்மா பொறுமையாகப் பார்த்தாள். பிறகு என் கைகளைப் பிடித்து நிறுத்தினாள்.

"நூறு கஜம் துணி வாங்குனா மீட்டர்ல தொண்ணூத்தொண்ணுதான் வரும். துணி கொறையல, கோல்தான் வேற. அவ்வளவுதானே?"

சொன்னேன். அண்ணன் எழுந்து நின்று தலையாட்டினார். நானும் வாயைப் பிளந்தேன். வழக்கமாக நான் மற்றவர்களைத்தான் அப்படி நிற்க வைப்பேன்.

ஆனால் துணி போதவில்லை. 940 என்பது கம்ப்யூட்டரின் நீளக் கோலால் அளந்தது. வாங்கியது குட்டைக் கோல் ஆயிரம். ஒன்பது ஜிபி வெளியே நிற்கும். பெரிய டிஸ்க் வர ஒரு வாரமாகும் என்றார் அண்ணன். பழையது அதுவரை தாங்குமா என்று தெரியாது. மிச்சத்தைப் பென்டிரைவில் போடலாமா என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். முன்பு ஒரு பென்டிரைவ் என் ஜீன்ஸோடு வாஷிங் மெஷினுக்குள் போய் வந்திருக்கிறது.

அண்ணன் கொஞ்ச நேரம் எதையோ தட்டிப் பார்த்தார். "ஒரு வழி இருக்கு. வீடியோல இருக்கிற சத்தத்த மட்டும் எடுத்துடலாம். அதுவே பன்னெண்டு ஜிபி வரும். அக்காவுக்கு எப்படியும் கேக்காதே."

நான் கையைத் தூக்கவில்லை.

"என்ன சொன்னான்?" என்றாள் அம்மா.

"கொஞ்சம் அழிக்கச் சொல்றாரு."

"பொய். உன் மூக்கு விடைக்குது."

உண்மையைச் சொன்னேன். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. "நாங்கல்லாம் கேக்காத ஆளுங்க. எங்க வீடியோல என்ன சத்தம்?"

ஒன்றை ஓட விட்டேன். அப்பா பஸ் கண்டக்டர் கதை சொல்கிற வீடியோ. கேட்கக் கேட்கக் கையால் சொன்னேன். உன் தையல் மெஷின். பாலத்துமேல் ரயில். அப்பா உள்ளங்கையில் தட்டுகிற சத்தம். இப்போது அப்பா சிரிக்கிறார்.

அம்மா என் கையைப் பிடித்தாள். சிரிப்புக்குச் சத்தம் உண்டு என்று அவளுக்குத் தெரியும். அப்பாவின் சிரிப்பு இந்தப் பெட்டிக்குள் சத்தமாகவும் இருக்கிறது என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

"எப்படி இருக்கும்?"

எனக்கு மிமிக்ரி வரும். தலைமையாசிரியர் குரலில் மைக்கில் லீவு விட்டதோடுதான் என் படிப்பு பதினொன்றில் நின்றது. அம்மாவின் உள்ளங்கையை என் தொண்டையில் வைத்து அப்பா மாதிரி சிரித்தேன். தண்ணீர் ஏறாத அடிபம்பு போல முதலில் மூன்று முட்டு, அப்புறம் ஒரு நீண்ட இழுப்பு, மறுபடி முட்டு.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மற்றக் கையால் மெல்லச் சொன்னாள். "இது எனக்குத் தெரியும். அவர் நெஞ்சுல சாஞ்சிருக்கேன்ல. இது வெளிய வந்து உன் காதுல விழும்னு தெரியாது."

அவள் கண்ணைத் திறந்ததும், "விழும்மா" என்றேன்.

"எல்லாருக்கும் இதே சத்தமா?"

"இல்ல. ஒவ்வொருத்தருக்கும் வேற. இருட்டுல கேட்டாலும் அப்பான்னு தெரியும்."

"இருட்டுலயா?"

எங்கள் வீட்டில் கரண்ட் போனால் பேச்சு நின்றுவிடும். டார்ச்சைத் தேடும்வரை யாரும் யாரோடும் இல்லை. அந்த நேரங்களில்கூட அப்பா எனக்கு இருந்திருக்கிறார் என்பதை அம்மா நின்றபடியே யோசித்தாள். அவள் முகத்தை ஜெயக்குமார் அண்ணனும் பார்த்தார். வந்த வாடிக்கையாளரைச் சைகை காட்டி வெளியே நிறுத்தினார்.

பிறகு அம்மா திரையில் ஒரு ஃபோல்டரைத் தொட்டாள். அவளுடைய தையல் வீடியோக்கள். கஷ்டமான கழுத்து வெட்டு, குருவானவர் அங்கிக்குப் போடும் பூ வேலை, எல்லாம் அவளே மாதக்கணக்கில் உட்கார்ந்து எடுத்தது. பதினொரு ஜிபி.

"இத விட்டுடு. மறந்தா திரும்பத் தைச்சுக் கத்துக்குவேன். சத்தத்துல கை வைக்காதே."

"உனக்குக் கேக்காதேம்மா."

"உனக்குக் கேக்குதுல்ல?"

சாயங்காலம்வரை காப்பி ஓடியது. டக் டக் வரும்போதெல்லாம் நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முடிந்ததும் அம்மா திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு ஜிபி எடம் இருக்கு" என்றாள். போனை எடுத்து என் பக்கம் திருப்பினாள். நான் கைகளைத் தூக்கினேன். தலையை ஆட்டித் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

"கையால வேண்டாம். வாயால பேசு."

என்னிடம் எப்போதும் பேச ஏதாவது இருக்கும். அன்று "அம்மா" என்பதற்குமேல் வரவில்லை. அவள் போனை இறக்காமல் காத்திருந்தாள்.