பின்சீட்டின் இடப்பக்கம்

இது இருட்டில் நடந்ததல்ல. உச்சி வெயிலில், தார் இளகிக் கிடந்த சாலையில் நடந்தது. அதனாலேயே யாரும் நம்ப மறுக்கிறார்கள். நம்ப வேண்டாம். என் மகளின் இடது மணிக்கட்டு இன்னும் முழுதாக வளைவதில்லை. எனக்கு அந்தச் சாட்சி போதும்.

என் பெயர் சஃபியுல்லா. தலத்தெருவில் வீடு. பைக் ஓட்டுவதை விட்டுப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. கடைசியாக ஓட்டியபோது என் பின்னால் உட்கார்ந்து வந்த மனைவி மெஹர் பானு ஒரு வேகத்தடையில் தூக்கிப் போட்டு விழுந்தாள். இன்றும் இடது காலை இழுத்துத்தான் நடக்கிறாள். வண்டியை விற்றேன். அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. என் வீட்டில் பேச்சைவிட மௌனம் அதிகம்.

போன மே மாதம் மகள் சஜிதாவுக்குத் திருநள்ளாறுப் பக்கம் ஒரு மருந்துக் கடையில் வேலை கிடைத்தது. பஸ் நிற்கும் இடத்திலிருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டர். நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். அரிசி களைந்துகொண்டிருந்த மெஹர் பானுவின் கை நின்றது.

"இவளையும் பின்னால வச்சா?"

அவ்வளவுதான் கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் அந்த வண்டியை வாங்கப் போனேன்.

பதினெட்டாம் தேதி, சனிக்கிழமை. அம்பகரத்தூரில் பைக்கை விற்க இருந்த பஞ்சநாதன் என்பவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 12.05. நூறு சிசி வண்டி. பெட்ரோல் டேங்கில் கீறல். சீட் உறை மட்டும் புத்தம் புதிது.

"சிங்கிள் ஓனருங்க. எங்கயும் விழுகல."

"பின்னாடி இடது ஃபுட்ரெஸ்ட் வளைஞ்சிருக்கே?"

"சைக்கிள்காரன் இடிச்சிட்டான்."

அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. உள்ளே கூப்பிடவில்லை. அந்த வெயிலில் ஒரு செம்பு தண்ணீர்கூடத் தரவில்லை. கூடத்துச் சுவரில் ஓர் ஆணி மட்டும் இருந்தது. நிலைப்படிக்கு உள்ளே ஒரு பெண் நின்றிருந்தாள். பச்சைப் புடவை. ஈரத்தலை. ஒரு காலில் மட்டும் செருப்பு.

சாவியை வாங்கிக்கொண்டு, கிளம்பும்போது எங்கும் சொல்வதைத்தான் சொன்னேன்.

"வரேன்மா. ஒருநாள் நீங்களும் வீட்டுக்கு வாங்க."

அவள் மெதுவாகத் தலையை ஆட்டினாள். பஞ்சநாதன் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் நிமிர்ந்தார். அதுவரை என்னைப் பார்க்காத மனிதர், அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

12.25. புறப்பட்டேன். முதல் இரண்டு கிலோமீட்டர் நன்றாக இருந்தது. கிளட்ச் கைக்குப் பழகிவிட்டது. பன்னிரண்டு வருடம் கழித்து முகத்தில் காற்று. சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன்.

டக்.

பின்னால் ஏதோ சத்தம். நிறுத்திப் பார்த்தேன். வளைந்த ஃபுட்ரெஸ்ட் விரிந்திருந்தது. மடக்கிவிட்டுக் கிளம்பினேன்.

12.38. மறுபடி... டக். இம்முறை வண்டியின் பின்பக்கம் மெல்ல அமுங்கியது. ஆள் ஏறி உட்கார்ந்தால் அமுங்குமே, அப்படி. கண்ணாடியில் பார்த்தேன். காலிச் சாலை. அறுவடை முடிந்து வெடித்துக் கிடந்த வயல்.

கீழே பார்த்தேன். உச்சி நேரம் என்பதால் நிழல் வண்டிக்கடியிலேயே சுருண்டு ஓடி வந்தது. என் தலை, என் தோள். பின்சீட் இருக்கும் இடத்தில், இடப்பக்கமாக...

இரண்டு கால்கள் தொங்கின.

ஒன்றில் செருப்பு.

நிறுத்தவில்லை. நிறுத்தினால் இறங்கி என் முன்னால் வந்து நின்றுவிடுவாள் என்று தோன்றியது. என் இடுப்பில் ஐந்து விரல்கள் பதிந்தன. அன்பாகப் பிடித்த கை அல்ல. நகம் சதையில் இறங்கியது. ஹேண்டில் தானாக வாய்க்கால் பக்கம் இழுத்தது. திருப்பினேன். இழுத்தது. காதருகே மூச்சு... அந்த வெயிலில் ஈரமான, சில்லென்ற மூச்சு.

12.58. வீட்டு வாசல். என்ஜினை அணைத்து, ஸ்டாண்ட் போட்டு இறங்கினேன். சஜிதா ஓடி வந்தாள்.

"வாப்பா! சூப்பரா இருக்கு வண்டி!"

சொல்லியிருக்க வேண்டும். தொடாதே என்று கத்தியிருக்க வேண்டும். வழக்கம்போல் என் வாய் திறக்கவில்லை. அவள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

மறுநொடி, நின்றிருந்த வண்டியிலிருந்து மூன்றடி தள்ளிப் போய் விழுந்தாள்.

டக்.

"யாரோ தள்ளுனாங்க வாப்பா..."

மெஹர் பானு காலை இழுத்துக்கொண்டு வந்தாள். மகளின் கையைப் பார்த்தாள். பிறகு என்னை.

"என்னைத் தள்ளுனது பத்தலையா?"

அன்று மாலை சஜிதாவுக்கு மாவுக்கட்டு. நான் இரவு முழுக்கக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிறு காலை 11 மணிக்கு வண்டியைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினேன். பயந்துகொண்டேதான் ஓட்டினேன். ஆனால் ஃபுட்ரெஸ்ட் மடங்கியபடியே இருந்தது. நிழலில் என் உருவம் மட்டும். வண்டி லேசாகப் போனது. பாதி வழியில் எனக்கு நிம்மதிகூட வந்துவிட்டது.

பஞ்சநாதன் வீட்டில், நேற்று ஆணி மட்டும் இருந்த இடத்தில் இன்று ஒரு படம். மாலை. சின்ன விளக்கு. படத்தில் பச்சைப் புடவை.

"என் சம்சாரம் சிவப்ரியா. இன்னையோட பத்து நாள். நான் ஓட்டிட்டுப் போனப்ப பின்னால இருந்து விழுந்துட்டா. ஒத்தைச் செருப்பு கிடைக்கவே இல்ல."

துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது 'வரேன்' என்று யாரும் சொல்வதில்லை. சொல்லாமல் எழுந்து போய்விட வேண்டும். எங்கள் தெருவிலும் அது தெரியும். அது துக்க வீடு என்பதுதான் எனக்குத் தெரியாது. படத்தைக் கழற்றி மறைத்திருந்தார்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"ஒன்பது நாளா தூங்கலைங்க. எந்தப் பக்கம் திரும்புனாலும் நின்னா." அவர் குரல் அமைதியாக இருந்தது. "நீங்க வாசலைப் பார்த்து யாரையோ வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிட்டீங்க. நேத்து ராத்திரி நல்லா தூங்கினேன்."

வண்டி லேசாக வந்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

நான் அவளை வண்டிக்குக் கூப்பிடவில்லை.

12.05. செல்போன் அடித்தது. சஜிதா.

"வாப்பா, நம்ம வாசல்ல ஒத்தைச் செருப்பு கிடக்கு. யாரு வந்திருக்கா? உம்மா உள்ள யாருக்கோ தண்ணி எடுத்துட்டுப் போறாங்க..."